நூற்று அறுபது கிண்ணங்கள்

…கேட்டேன் என்றால் கேட்டேன், அதுவும் சும்மாவா, இரண்டு முழங்காலும் ஈரத் தரையில் பட, நாற்பது பெண்கள் கையிலிருந்த துணியைப் போட்டது போட்டபடி பார்க்க, மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பன்னிரண்டு இயந்திரங்களும் யாரும் பொத்தானைத் தொடாமலே மரியாதைக்காகத் தாமாக நின்றுபோக, பாய்லர்கூட ஒரு விசும்பு விசும்பியது, அப்படியொரு மன்னிப்பை ஆதாம் காலம் தொட்டு எந்த மனிதனும் எந்த மனிதனிடமும் கேட்டதில்லை, கேட்டது நான், கேட்கப்பட்டவன் இதோ என் இடது முழங்கைக்கு அரை முழம் தள்ளி நிற்கிறான், சபைச் செயலாளர், மூத்த மூப்பர், கழுத்தில் டை, இடுப்பில் துண்டு, கையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு திருவிருந்துக் கிண்ணம், அதைக் கழுவுவதா முத்தமிடுவதா என்று தெரியாமல் உருட்டிக்கொண்டு… இவன்தான், சலவைக்கூடத்தில் மெழுகு என்று பட்டப்பெயர் எடுத்த இவன்தான், ஒன்பது வருடமாக “அவரு எங்கிட்ட மன்னிப்பே கேட்கலைங்க” என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவருகிறவன். என் மனைவி சொல்வாள், “நீங்க கேட்டிருப்பீங்க, அதை நம்புறேன். பாய்லர் அழுதுச்சுன்னு சொல்றதை மட்டும் கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்க, பக்கத்து வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு.” அவளே நம்புகிறாள். போதகரும் பாதி நம்புகிறார். நம்பாதவன் ஒருவன்தான், அவனோடுதான் இன்று எனக்குக் கழுவுதொட்டியில் வேலை.

எல்லாம் இந்தப் போதகர் செய்த வேலை, வந்து எட்டு மாதம் ஆகவில்லை, தலைமை என்றால் ஊழியம், ஊழியம் என்றால் துண்டு, ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார், நம்முடைய மூப்பர்கள் ஒரு கிண்ணமாவது கழுவக்கூடாதா என்று பிரசங்கத்தில் கேட்டார், எல்லோரும் ஆமென் என்றார்கள், ஆமென் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் கதவில் பட்டியல் ஒட்டிவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், திருவிருந்துக் கிண்ணங்கள் நூற்று அறுபது, செயலாளரும் நானும். சபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை ஜோடி போடலாம், நாய்க்கும் பூனைக்கும் ஒரே தட்டில் சோறு வைத்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிற புத்தி இது, சின்ன வயது போதகர்களுக்கே உரியது… பார், பார், கழுவுகிற லட்சணத்தைப் பார், சோப்பு நீரில் ஒரு முக்கு, வெளியே ஒரு தட்டு, அவ்வளவுதான், அடியில் திராட்சரசம் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்த மாதம் ஏதாவது ஒரு விசுவாசி போன மாதத்து ரசத்தையும் சேர்த்துக் குடிப்பார். முப்பத்து நான்கு வருடம் துவைத்தவன் நான், ஒரு நாளைக்கு ஆறாயிரம் போர்வை, சரி நாலாயிரம், மழைக்காலத்தில் இரண்டாயிரம், ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், மருந்துக் கறைக்குச் சுடுதண்ணீர், என்னிடம் வந்து நிற்கிறான் மூப்பர். “தம்பி, விரலை உள்ளே விட்டுச் சுத்தணும். வெளியில தடவிக் கொடுத்தா அது சுத்தமாகாது, சந்தோஷந்தான் படும்.” அவன் என்னைப் பார்க்கவில்லை, “நீங்க சொல்லிக் குடுத்ததுதான் அண்ணே, மேலாப்புல கழுவறது.” ஆகா… குத்துகிறான், டை கட்டிக்கொண்டு குத்துகிறான், காலையில் மேடையில் நின்று சமாதானத்துக்காக ஜெபம் செய்த அதே வாய்.

இதில் என் அவசரம் அவனுக்குத் தெரியாது. நான்கு தட்டு, தட்டுக்கு நாற்பது குழி, இரண்டாம் தட்டின் கடைசி மூலையில் ஒரு கிண்ணம் நிறைய நிறைய உட்கார்ந்திருக்கிறது, அது என்னுடையது. ஒன்பது வருடமாக நான் குடிக்கவில்லை. தட்டு வரும், எடுப்பேன், எல்லோரோடும் தலை குனிவேன், உதடு வரை கொண்டுபோவேன், கொண்டுபோன மாதிரியே இறக்கி, தட்டு திரும்பி வரும்போது மூலைக் குழியில் செருகிவிடுவேன், கழுவுகிறவர்கள் கூடுதலாக ஊற்றிய கிண்ணம் என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள், சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த காது, என்ன செய்ய. பக்கத்தில் உட்காருகிற என் மனைவிக்கே தெரியாது. நூற்று எட்டு முறை, சேர்த்துவைத்திருந்தால் ஒரு குளம், குளம் இல்லையென்றால் ஒரு குடம்… இரண்டு டம்ளர் நிச்சயம். அறுபத்தொன்பது வயது ஆகிவிட்டது, போன மாதம் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார், எனக்கு அப்போது பிள்ளைகள் நினைவு வரவில்லை, வீடு நினைவு வரவில்லை, அந்த ஒரு வாய் ரசம்தான் நினைவுக்கு வந்தது, அதைக் குடிக்காமலே போய்விடுவேனோ என்று. அதற்குக் குறுக்கே நிற்பவன் இவன் ஒருவன், ஆமாம், கேட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, சொல்ல மாட்டான். பொய் சொல்கிறவன் மேடையில் உட்கார்ந்து மடக்கென்று குடிக்கிறான், உண்மை சொல்கிறவன் கொட்டுகிறான், இது என்ன நியாயம்? அப்படியானால் நான் ஏன் குடிக்கக்கூடாது, கேட்டாகிவிட்டதே, என் பக்கம் முடிந்ததே… ஏன் குடிக்கவில்லை?

முதல் தட்டை எனக்கு இழுத்துக்கொண்டேன், அவன் இரண்டாம் தட்டைப் பிடிப்பதற்குள் “அதை விடு, மூணாவதுலேர்ந்து வா” என்றேன், “ஏன், வரிசையாத்தானே போகணும்” என்றான், “சூப்பர்வைசர் யாரு?” என்று வாய் தவறி வந்துவிட்டது. அவன் சிரித்தான். அவன்தான் இப்போது சூப்பர்வைசர், என் நாற்காலியில், என் மின்விசிறிக்குக் கீழே. ஆனாலும் மூன்றாம் தட்டை எடுத்துக்கொண்டான், பழக்கம், நான் கையைக் காட்டினால் அவன் கால் நகரும். இஸ்திரி உருளைகளுக்கு மெழுகு தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தவன், அதனால் மெழுகு, எனக்கு அவர்கள் வைத்த பெயர் நீராவி, எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அவனை உதறுகிற மேசைக்கு மாற்றினேன். அறுவை அரங்கிலிருந்து வருகிற மூட்டையை அந்த மேசையில் பிரித்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஒவ்வொரு துணியாக உதறிய பிறகுதான் இயந்திரத்தில் போட வேண்டும், அது சட்டம், உள்ளே என்னென்னவோ கிடக்கும், ஊசி, இடுக்கி, ஒருமுறை யாரோ ஒருவருடைய பல்செட். அன்று அதிகாரிகள் பார்வையிட வருகிற நாள், மேசையில் மூட்டை குவிந்திருந்தது, பார்க்க அசிங்கமாக இருந்தது, “ஒவ்வொண்ணா உதறிப் போடுறேன் சார்” என்று அவன் சொல்லச் சொல்ல அவன் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு மூட்டையைத் தூக்கி, பிரிக்காமல், இந்தக் கையால்தான், இதோ இப்போது கிண்ணத்துக்குள் விரல் விட்டுச் சுற்றுகிற இதே கையால், இயந்திரத்துக்குள் தள்ளிக் கதவை மூடினேன். உள்ளே கத்திரிக்கோல். முழங்கை நீளக் கத்திரி, இல்லை, சாதாரணக் கத்திரிதான், ஆனால் உருண்டு உருண்டு டிரம்மைக் கிழித்த கிழியில் அதிகாரிகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். விசாரணையில் கேட்டார்கள், உதறுகிற மேசையில் யார் இருந்தது? இவன்தான் இருந்தான் என்றேன். உண்மைதானே, இருந்தான். அவன் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன், கூரையில் ஒரு பல்லி, அந்தப் பல்லியின் வாலில் எத்தனை கோடு என்று இன்றைக்கும் சொல்வேன். அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், திரும்பி வந்ததும் தொற்றுத் துணி அறையில் போட்டார்கள், போடச் சொன்னது நான்.

அங்கேயாவது ஒழிந்தானா? அது யாரும் போக விரும்பாத அறை, ரத்தமும் சீழும் மலமும் தோய்ந்த துணிகள், காலுக்கு ரப்பர் பூட்ஸ், முகத்துக்கு மூடி, மூடிக்குள் இவன் பாட்டுப் பாடினான். இரண்டே மாதத்தில் என் பெண்கள், என் கூடத்துப் பெண்கள், சாப்பாட்டு வேளையில் அந்த அறை வாசலில் போய் நின்றார்கள், ஒருத்திக்குப் புருஷன் அடிக்கிறான், ஒருத்திக்குப் பிள்ளை படிக்கவில்லை, எல்லாவற்றையும் மலத்துணி அலசுகிறவனிடம் போய்ச் சொன்னார்கள், அவன் கையுறையைக் கழற்றிவிட்டு ஜெபம் செய்வான், மறுநாள் முறைமாற்றம் வேண்டியவளுக்குத் தன் முறையைக் கொடுப்பான், கனமான வண்டியைத் தள்ளிக்கொடுப்பான். கண்ணாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே நான், முப்பது வருட அனுபவம், சுவரில் பாராட்டுச் சான்றிதழ், என் வாசலுக்கு ஒருத்தியும் வரவில்லை, வந்தால் விடுப்புக் கடிதத்தோடு. சபையில் மூப்பர் தேர்தல் வந்தபோது எல்லாக் கையும் அவனுக்காக உயர்ந்தன. இவனை மூப்பராக்கியது யார்? நான்! என் கத்திரிக்கோல்! ஒரு நன்றி சொன்னானா? அதைத்தான் நான் பொறுக்கவில்லை, கெட்டவனாக ஆகியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன், குடித்துக் கெட்டிருக்கலாம், என் சைக்கிள் டயரைக் கிழித்திருக்கலாம், பாட்டல்லவா பாடினான், துண்டைக் கட்டிக்கொண்டு… இப்போதும் முணுமுணுக்கிறான், கிண்ணத்துக்கு ஒரு வரி, அடிக்குரலில், சுதி சேராமல். “பாட்டை நிறுத்துறியா, கிண்ணம் உடைஞ்சிரும்.” “பாட்டுக்கு உடையாது அண்ணே, நீங்க வைக்கிற வேகத்துக்குத்தான் உடையும்.”

சரி, கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம் சொல்லப்போகிறேன், எனக்கு நானேதான். ஓய்வுபெறுகிற நாள், மாலை கழுத்தில் இருக்கிறது, ஹைட்ரோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஈரத்துணியைச் சுழற்றிப் பிழிகிற அந்த அசுரன் ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது, அதனால்தான் எங்கள் கூடத்தில் யாரும் குரலால் பேசுவதில்லை, உதடுதான், சேர்ந்த ஆறு மாதத்தில் எவருக்கும் பழகிவிடும், கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவளிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று உதட்டால் கேட்டால் இந்தக் கோடிக்கு உதட்டால் பதில் வரும், கல்யாணமே இரண்டு உதட்டால் முடிந்திருக்கிறது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஹைட்ரோ பக்கம் வந்தான். நாற்பது பெண்கள்… பதினொரு பேர். ஆறு பேர், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முழங்கால் போடவில்லை, போட நினைத்தேன், தரை ஈரம், புதுக் கால்சட்டை. இயந்திரம் நின்றதா? நிற்குமா, ஓடிக்கொண்டிருந்தது, அது ஓடட்டும் என்றுதானே அங்கே போனேன்? அந்த ஆறு பேருக்கும் முதுகைக் காட்டி நின்றேன், நன்றாகத் திரும்பி, என் உதடு ஒருத்தி கண்ணிலும் படாதபடி, அவனுக்கு மட்டும் தெரியும்படி, சத்தம் இல்லாமல் சொன்னேன், “தப்பு என்னோடது. மன்னிச்சிரு.” அவ்வளவுதான். அவன் வண்டிக்குள் குனிந்திருந்தான், நிமிர்ந்தான், மறுபடியும் குனிந்தான், நிமிர்ந்தது நான் சொல்வதற்கு முன்பா, சொல்லும்போதா, பின்பா… பார்த்தானா என்று நின்று பார்க்கவில்லை, ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அடுத்த மாதம் பழைய போதகர் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டபோது இவன் தரையைப் பார்த்துக்கொண்டு “எங்கிட்ட கேட்கலைங்க” என்றான். அன்றைக்குத்தான் முழங்கால் சேர்ந்தது, அடுத்த வருடம் பெண்கள் சேர்ந்தார்கள், பாய்லர் போன வருடம்தான். ஏன் குடிக்கவில்லை என்று இப்போது யாரும் என்னைக் கேட்கவேண்டாம்.

முதல் தட்டு முடிந்தது, நாற்பது, ஒரு நிமிடத்தில், மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் தட்டை இழுத்தேன், நேராக மூலைக்குக் கை போனது, நிறைந்த கிண்ணம், ஒரு சொட்டு குறையவில்லை, உள்ளங்கைக்குள் மறைத்து எடுத்து, தொட்டியில் சாய்க்க மணிக்கட்டைத் திருப்பும் நேரத்தில் ஏதோ தோன்றி இடப்பக்கம் பார்த்தேன். அவன் மூன்றாம் தட்டை அப்படியே வைத்துவிட்டு நான்காம் தட்டை இழுத்து வைத்திருந்தான், மேடையில் உட்காருகிற மூப்பர்களுக்குப் போன தட்டு, நான் வரிசை மாற்றினால் அவனும் மாற்றுகிறானே, எதற்கு? அவன் கையும் மூடியிருந்தது. விரல் இடுக்கு வழியாக ஒரு சிவப்புக் கோடு மணிக்கட்டுக்கு இறங்கி, சட்டைக் கையின் ஓரத்தில் ஊறியது, வெள்ளைச் சட்டை, திராட்சைக் கறை, பச்சைத் தண்ணீரில் உடனே அலச வேண்டும். இரண்டு பேரும் கையை மூடிக்கொண்டு திருடர்கள் மாதிரி நின்றோம். “அது யாரோட கிண்ணம்?” என்றேன். “தெரியல அண்ணே.” என் மூடிய கையைக் கண்ணால் காட்டினான். “உங்க கையில இருக்கறது?” “அதுவும் தெரியல.” “நிறைய இருக்கு போல.” “யாரோ குடிக்காம வெச்சிருக்காங்க.” “ஆமா, இங்கயும் யாரோ குடிக்கல.” சிரிப்பு வந்தது எனக்கு, வயிற்றிலிருந்து ஏறி நெஞ்சில் வந்து கோபமாக நின்றுவிட்டது, மடக்கென்று குடிக்கிறான், மடக்கென்று குடிக்கிறான் என்று நான் இத்தனை வருடம் பல்லைக் கடித்தேனே, மேடையில் அவன் தலை பின்னால் சாய்வதைத்தானே பார்த்தேன், கிண்ணத்தைப் பார்த்தேனா? “எத்தனை நாளா?” என்று கேட்டேன். “அந்த யாரோவுக்கா?” “ஆமா, அந்த யாரோவுக்கு.” “பழைய பாஸ்டர் ரூம்லேர்ந்து வெளியே வந்த நாள்லேர்ந்து.” அன்றைக்கு அந்த அறையில் இவன் சொன்னது உண்மை என்றால்… அன்றிலிருந்து இவனால் ஏன் குடிக்க முடியவில்லை?

அவன் குழாயை இன்னும் திருகித் திறந்தான், தண்ணீர் தகரத் தொட்டியில் விழுந்து கிண்ணங்களெல்லாம் குலுங்கின, ஹைட்ரோ அளவுக்கு இல்லை, ஆனாலும் சத்தம்தான். வாசலில் என் மனைவி, கைப்பையோடு, “என்னங்க, ரெண்டு பேரும் இன்னும் முடிக்கலையா, பாஸ்டர் சாவியை வெச்சுக்கிட்டு நிக்கிறாரு, வீட்டுக்குப் போக வேண்டாமா?” அவள் பக்கம் அவன் முதுகைத் திருப்பினான், நன்றாகத் திருப்பினான், என் பக்கம் முகம், உதடு அசைந்தது. என் பார்வை தண்ணீரில் இருந்தது. அசைந்தது என்று ஓரக்கண்ணுக்குத் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளாமல் இருக்கலாம், எவ்வளவு சுலபம்! கண்ணை ஒரு சாண் தூக்காமல் இருந்தால் போதும், நாளைக்கு நானும் ஊரெல்லாம் சொல்லலாம், அவன் ஒப்புக்கொள்ளவே இல்லைங்க என்று, இன்னும் ஒன்பது வருடம் சொல்லலாம், இருந்தால். இந்தச் சுகத்தைத்தான் இவன் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தானா, இவ்வளவு இனிப்பா இது? நான் அன்றைக்கு ஒரு மூச்சில் சொல்லிவிட்டுக் கேக் வெட்டப் போனேன், இவன் நகரவில்லை, கறை சட்டையில் ஏறுகிறது, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், என் மனைவி மறுபடியும் கூப்பிடுகிறாள், நிற்கிறான். நிமிர்ந்தேன். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசுவது போல, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, உதட்டால் சொன்னான், “கேட்டீங்க அண்ணே. நான் பார்த்தேன்.”